பட்டறைக் கதவு திறக்கட்டும்

எந்தப் பணியிலும் பெண்களை அமர்த்தலாம், அவர்கள் இசைந்தால் இரவு ஏழு மணிக்கு மேலும் வேலை தரலாம் என்கிறது 2025 நவம்பர் 21 அன்று நடைமுறைக்கு வந்த தொழிலாளர் சட்டத் தொகுப்பு. தொகுப்பின் மற்ற பகுதிகள் குறித்துத் தொழிற்சங்கங்கள் எழுப்பும் ஆட்சேபங்களில் நியாயம் உண்டு. ஆனால் இந்தப் பிரிவு வரவேற்கத்தக்கது. ஆலைகளில் பெண்களுக்கு இருந்த இரவுப் பணித் தடை செல்லாது என்று சென்னை உயர் நீதிமன்றம் 2000-ஆம் ஆண்டிலேயே தீர்ப்பளித்துவிட்டது. கால் நூற்றாண்டு கடந்தும் பட்டறைகள் பெரும்பாலும் ஆண்களின் இடமாகவே இருக்கின்றன.

திருச்சிக்கு இதில் தனிப் பொறுப்பு உண்டு. திருவெறும்பூரில் பெல் ஆலையும், 1975 முதல் வெல்டிங் ஆராய்ச்சி நிலையமும் இயங்குகின்றன. பொன்மலையில் ரயில்வே பணிமனை இருக்கிறது. 2018 ஆகஸ்டில் ஒன்பது மதகுகளை வெள்ளம் அடித்துச் சென்ற முக்கொம்பில் இப்போது புதிய கதவணை நிற்கிறது. அதன் இரும்புக் கதவுகளைப் பராமரிக்க ஃபிட்டரும் எலெக்ட்ரீஷியனும் வெல்டரும் என்றைக்கும் தேவை. பெல் ஆலையின் பாய்லர் குழாயில் வைத்த வெல்டிங் பற்று தேறியதா என்பதை எக்ஸ்ரே படம் காட்டிவிடும். வைத்தவர் ஆணா பெண்ணா என்பது அதில் பதிவதில்லை.

அரசுப் பள்ளியில் படித்து ஐ.டி.ஐ.யில் சேரும் மாணவிக்குப் புதுமைப்பெண் திட்டம் மாதம் 1000 ரூபாய் தருகிறது. நல்லதுதான். ஆனால் சான்றிதழோடு அவர் போய் நிற்கும் சிறு பட்டறையில் கழிப்பறையே இல்லையென்றால் என்ன பயன்? பெல் நிறுவனமும் நீர்வளத் துறையும் ஒப்பந்தப்புள்ளியிலேயே கழிப்பறை, உடைமாற்றும் அறை, இரவு வாகனம், பெண் தொழிற்பழகுநர்களுக்கான இடங்கள் ஆகியவற்றைக் கட்டாய நிபந்தனையாக்க வேண்டும். நிறைவேற்றாத ஒப்பந்ததாரருக்கு அடுத்த பணி ஆணை தரக் கூடாது.