28 வயசுல மூட்டுவலியா? பெயின் கில்லர் போடும் முன் இதைப் படிங்க

காலையில் எழுந்ததும் டூத்பேஸ்ட் மூடியைத் திறக்க விரல் மடங்கவில்லை. மோதிரம் இறுக்குகிறது. குளித்துக் கிளம்பி ஆபீஸ் போய்ச் சேர்வதற்குள் கை ஓரளவு சரியாகிவிடுகிறது. 'நைட் ரொம்ப நேரம் டைப் பண்ணினதுதான்' என்று நாமே ஒரு காரணம் சொல்லிக்கொள்கிறோம். வீட்டில் சொன்னால், "இந்த வயசுல என்ன மூட்டுவலி?" என்பார்கள். மெடிக்கல் ஷாப்பில் ஒரு வலி மாத்திரை வாங்கிப் போட்டுக்கொள்கிறோம். இப்படியே ஆறு மாதம் ஓடிவிடும்.

முடக்குவாதத்தைப் பொறுத்தவரை, அந்த ஆறு மாதத்தை இழப்பதுதான் பெரிய நஷ்டம். முதல் சில மாதங்களிலேயே சிகிச்சை தொடங்கினால் மூட்டு சேதமாகாமல் காப்பாற்றும் வாய்ப்பு அதிகம். அரித்துப்போன எலும்பைப் பழையபடி ஆக்க மருந்து கிடையாது. வலி மாத்திரை வலியை மட்டும் குறைக்கும். உள்ளே அரிப்பு தொடரும்.

தேய்மானமும் முடக்குவாதமும் ஒன்றா?

இல்லை. தேய்மானம், பெரும்பாலும் வயதாக ஆக மூட்டில் உள்ள குருத்தெலும்பு கெடுவதால் வருவது. முடக்குவாதம் ஆட்டோ இம்யூன் நோய். நம்மைக் காக்க வேண்டிய நோய் எதிர்ப்பு மண்டலமே மூட்டின் உள்சவ்வைத் தாக்குகிறது. பெரியவர்களில் சுமார் 0.5 முதல் 1 சதவீதம் பேருக்கு இது வருகிறது. ஆண்களைவிடப் பெண்களுக்கு 2 முதல் 3 மடங்கு அதிகம். 30 வயதுக்கு முன்பேகூட தொடங்கலாம்.

வீட்டிலேயே கவனிக்க ஒரு வழி உண்டு. தேய்மானத்தில் காலை விறைப்பு பொதுவாக அரை மணி நேரத்துக்குள் போய்விடும். வேலை செய்யச் செய்ய வலி கூடும். முடக்குவாதத்தில் விறைப்பு அரை மணிக்கு மேல், சிலருக்கு மணிக்கணக்கில் நீடிக்கும். கையை அசைக்க அசைக்கக் குறையும். விரல்களின் அடி மூட்டு, நடு மூட்டு, மணிக்கட்டு, பாதத்தின் முன்பகுதி என்று பெரும்பாலும் இரண்டு பக்கமும் வீங்கும்.

கை நன்றாக இருந்து முதுகு மட்டும் வலித்தால்?

45 வயதுக்குள் தொடங்கி, மூன்று மாதத்துக்கு மேல் நீடிக்கும் கீழ்முதுகு வலி. படுத்தால் குறையவில்லை, நடந்தால் குறைகிறது, பின்னிரவில் தூக்கத்தைக் கலைக்கிறது. 'உட்கார்ந்தே வேலை பார்க்கறோம்ல' என்று இதை ஒதுக்கக் கூடாது. முதுகெலும்பைத் தாக்கும் ஆங்கிலோசிங் ஸ்பாண்டிலைடிஸாக இருக்கலாம்.

மூட்டுவலியோடு, வெயில் பட்டால் கன்னம் சிவப்பது, வாய்ப்புண், முடி கொட்டுவது எல்லாம் சேர்ந்தால் லூபஸ் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். அது சிறுநீரகத்தையும் தாக்கக்கூடியது என்பதால் சிறுநீர்ப் பரிசோதனை அவசியம். நம் ஊரில் இன்னொன்றும் உண்டு. சிக்குன்குனியா வந்து போன பிறகும் சிலருக்கு மாதக்கணக்கில் மூட்டு வலிக்கும். சமீபத்தில் காய்ச்சல் வந்திருந்தால் டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள்.

'ஆர்த்ரைடிஸ் பேக்கேஜ்' எடுத்தால் தெரிந்துவிடுமா?

ஆப்பில் புக் பண்ணினால் வீட்டுக்கே வந்து ரத்தம் எடுக்கிறார்கள். ரிப்போர்ட்டில் சிவப்பு எழுத்தில் வந்ததைப் பார்த்துப் பயப்படுவதும், எல்லாம் நார்மல் என்று நிம்மதியாவதும் இரண்டுமே தவறாகலாம். ஆர்.ஏ. ஃபேக்டர் ஆரோக்கியமான சிலருக்கும், நாள்பட்ட தொற்று உள்ளவர்களுக்கும் பாசிட்டிவாக வரும். முடக்குவாதம் உள்ளவர்களிலேயே சுமார் நான்கில் ஒருவருக்கு நெகட்டிவ் வரும். ஆன்டி-சிசிபி இதைவிடத் துல்லியமானது. ஏ.எஸ்.ஓ. என்பது தொண்டையில் வந்துபோன ஒரு கிருமித் தொற்றின் தடம். அதைவைத்து முடக்குவாதம் என்று சொல்ல முடியாது. யூரிக் ஆசிட் கூடுதலாக இருக்கும் பலருக்கு கவுட் வருவதே இல்லை.

2010-ல் அமெரிக்க, ஐரோப்பிய மூட்டுவாத மருத்துவ அமைப்புகள் சேர்ந்து ஓர் அளவுகோல் வகுத்தன. மொத்தம் 10 மதிப்பெண். 6 வந்தால் முடக்குவாதம். அதில் ஆர்.ஏ. ஃபேக்டர், ஆன்டி-சிசிபி இரண்டுக்கும் சேர்த்து அதிகபட்சம் 3 தான். எந்த மூட்டுகள், எத்தனை என்பதற்கு 5. ஆக, மூட்டைத் தொட்டு அழுத்திப் பார்க்கும் டாக்டர்தான் முதல் டெஸ்ட்.

கூகுள் பார்த்து மருந்தை நிறுத்தலாமா?

பலருக்கு முதலில் எழுதப்படுவது மெத்தோட்ரெக்சேட். தேடிப் பார்த்தால் 'கேன்சர் மருந்து' என்று வரும். மூட்டுவாதத்துக்குத் தருவது மிகக் குறைந்த டோஸ். பலன் தெரிய 6 முதல் 12 வாரம் ஆகலாம். 'ரெண்டு வாரம் போட்டேன், ஒண்ணும் ஆகல' என்று விட்டவர்கள்தான் நோய் முற்றித் திரும்பி வருகிறார்கள்.

மறக்கக் கூடாத விஷயம்: இது வாரத்துக்கு ஒரு நாள் மாத்திரை. தவறுதலாகத் தினமும் போட்டால் உயிருக்கே ஆபத்து. நாளைக் குறித்து போனில் அலாரம் வையுங்கள். ஃபோலிக் ஆசிட், குறித்த இடைவெளியில் ரத்தப் பரிசோதனை இரண்டையும் தவிர்க்காதீர்கள். குழந்தைக்குத் திட்டமிட்டால் முன்கூட்டியே சொல்லுங்கள். கர்ப்ப காலத்துக்குப் பாதுகாப்பான மாற்று மருந்துகள் இருக்கின்றன. மது கல்லீரலுக்குச் சுமை. புகைப்பது நோயையே தீவிரமாக்கும்.

பெயர் ஒட்டாத டப்பாவில் வரும் 'மூட்டுவலிப் பொடி' மூன்றே நாளில் அற்புதம் செய்தால் சந்தேகப்படுங்கள். ஸ்டீராய்டு கலந்திருக்கலாம். எலும்பைப் பலவீனமாக்கி, சர்க்கரையை ஏற்றி, நோயை மறைத்துவிடும்.

வீட்டிலும் ஆபீசிலும் மாற வேண்டியதும் இருக்கிறது. காலையில் எழ முடியாத பெண்ணைச் 'சோம்பேறி' என்பதும், பத்து மணிக்கு வர முடியாத ஊழியரைக் கேள்வி கேட்பதும்தான் வலியை மறைக்கப் பழக்குகின்றன. மறைத்தால் மருத்துவம் தள்ளிப்போகும்.

விரல் மூட்டு வீங்கி ஆறு வாரம் தாண்டிவிட்டதா? அதற்கு மேல் காத்திருக்காமல் ரூமட்டாலஜிஸ்ட்டைப் பாருங்கள். சென்னை ராஜீவ் காந்தி அரசுப் பொது மருத்துவமனையில் இதற்கெனத் தனித்துறையே உண்டு. சாயங்காலம் டாக்டரைப் பார்க்கப் போகும்போது வீக்கம் வற்றியிருக்கலாம். அதனால் நாளை காலை எழுந்ததும் கையை ஒரு போட்டோ எடுத்து, விறைப்பு எத்தனை மணிக்கு விட்டது என்று குறித்துவையுங்கள். கையில் இருக்கும் அதே போன் போதும்.