கட்டுச்சோறும் ஐந்தாவது சக்கரமும்

பரங்கிப்பேட்டையில் நடைபெறவிருந்த ஒரு நிக்காஹ்வுக்காகச் சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலை வழியே குடும்பத்தோடு சென்றுகொண்டிருந்தோம். மரக்காணத்து உப்பளங்களைக் கடந்து கீழ்புத்துப்பட்டை நெருங்கியபோது மஃக்ரிப் நேரம் கடந்து நன்றாக இருட்டிவிட்டது. திடீரெனப் பின்பக்கத்து டயர் வெடித்தது. புறப்படும்போது பயண துஆவை எல்லோரும் சேர்ந்தே ஓதியிருந்தோம். சோற்றுச் சட்டி, ஃபிளாஸ்க் நிறையத் தேநீர், பிள்ளைகளுக்குப் பிஸ்கட், மணமக்களுக்கான அன்பளிப்பு என்று எதற்கும் குறைவில்லை. ஆனால் ஸ்டெப்னியில் காற்று இல்லை. கார் வாங்கிய நாளிலிருந்து அதை எவரும் தொட்டுப் பார்த்ததில்லை.

லாரிகள் எங்களை உரசுவதுபோல் கடந்து சென்றன. காருக்குப் பின்னால் நின்று கைப்பேசி வெளிச்சத்தை ஆட்டிக்கொண்டிருந்தேன். அப்போது டார்ச் விளக்குடன் ஒரு பெரியவர் வந்தார். கீழ்புத்துப்பட்டில் இலங்கைத் தமிழர் மறுவாழ்வு முகாம் உள்ளதல்லவா, அங்கே வசிப்பவர். "தம்பி, முதல்ல நீங்கள் காருக்குப் பின்னால நிற்காதேங்கோ. அம்மாவையும் பிள்ளைகளையும் ரோட்டை விட்டு உள்ளுக்குக் கூட்டிப் போங்கோ" என்றார். சவுக்குத் தோப்பிலிருந்து கிளைகளை ஒடித்து வந்து, காருக்கு வெகுதூரம் பின்னால் சாலையோரத்தில் எச்சரிக்கையாகப் போட்டார். ஓர் இளைஞர் ஸ்டெப்னியைத் தம் மோட்டார் சைக்கிளில் ஏற்றிச் சென்று காற்றடித்துக் கொண்டுவந்தார். எல்லாம் முடிந்து நாங்கள் புறப்படும்போது, அந்தப் பெரியவர் திரும்பி நடந்து, தாம் போட்ட கிளைகளை ஒன்றுவிடாமல் பொறுக்கி அப்புறப்படுத்தினார். பணம் கொடுத்தபோது வாங்க மறுத்துவிட்டார்.

அல்லாஹ் அவருக்கு நற்கூலி வழங்குவானாக. ஆயினும் அன்றிரவு எனக்கு நன்றியுணர்வைவிட வெட்கமே மிகுந்திருந்தது. சொந்த மண்ணை இழந்து வந்து, அரசின் மாதாந்திர உதவித்தொகையை நம்பி வாழும் ஒருவரின் மாலைப்பொழுதை, சொந்தக் கார் வைத்திருக்கும் நான் செலவழித்துவிட்டேன். அதுவும் பெட்ரோல் பங்கில் இலவசமாகக் கிடைக்கும் காற்றுக்காக!

அல்பகரா அத்தியாயத்தின் 197ஆம் வசனம் ஹஜ் பயணிகளைக் கட்டுச்சோறு எடுத்துக்கொள்ளுமாறு பணிக்கிறது. கட்டுச்சோற்றில் மிகச் சிறந்தது இறையச்சம் என்றும் கூறுகிறது. இதன் இரண்டாம் பகுதி நம் மேடைகளில் அடிக்கடி ஒலிக்கிறது. முதல் பகுதி இறங்கிய பின்னணியை இப்னு அப்பாஸ் (ரலி) வாயிலாக புகாரி நூல் பதிவு செய்திருக்கிறது. யமன் நாட்டவர் சிலர், தாங்கள் அல்லாஹ்வையே சார்ந்திருப்பவர்கள் என்று கூறிக்கொண்டு உணவின்றி ஹஜ்ஜுக்குப் புறப்படுவார்கள். மக்கா வந்ததும் பிறரிடம் கையேந்துவார்கள். அவர்கள் தவக்குல் என்று நினைத்தது, நடைமுறையில் அடுத்தவர் மீது ஏற்றிய சுமையாக முடிந்தது. கீழ்புத்துப்பட்டில் நான் நின்ற நிலையும் அதுவே.

ஹிஜ்ரத்தை எண்ணிப் பாருங்கள். அல்லாஹ்வின் பாதுகாப்பில் நபி (ஸல்) அவர்களைவிட உறுதியான நம்பிக்கை கொண்டவர் யார்? ஆயினும் அப்பயணத்தின் ஏற்பாடுகள் எவ்வளவு நுணுக்கமானவை! முன்கூட்டியே தீனியிட்டு வளர்த்த ஒட்டகங்கள், பாதை அறிந்த கூலி வழிகாட்டி (அவர் முஸ்லிமாகவும் இருக்கவில்லை), ஸவ்ர் குகையில் மூன்று இரவுகள் தங்கல். உணவுப் பையைக் கட்டக் கயிறு இல்லாதபோது அஸ்மா (ரலி) தம் இடைக்கச்சையைக் கிழித்துக் கட்டினார்கள். அதனாலேயே 'இரு கச்சைகள் உடையவர்' என்ற சிறப்புப் பெயரைப் பெற்றார்கள். ஒரு பயண மூட்டையைக் கட்டியதால் வரலாற்றில் பெயர் பெற்ற பெண்மணி அவர். நம் வீடுகளிலும் பயணப் பையைக் கட்டுபவர்கள் பெரும்பாலும் பெண்கள்தாம். ஆனால் காரின் பின்பெட்டியில் என்ன இருக்கிறது என்பது அவர்களுக்குத் தெரியாது. ஆண்களாகிய நாமும் திறந்து பார்ப்பதில்லை. மகளுக்குக் கார் ஓட்டக் கற்றுக்கொடுக்கும் தந்தையர், ஜாக்கி வைக்கும் இடத்தையும் சக்கர நட்டைக் கழற்றும் முறையையும் சேர்த்தே கற்றுக்கொடுக்க வேண்டும்.

எச்சரிக்கை முக்கோணமும் முதலுதவிப் பெட்டியும் காரில் இருக்க வேண்டும் என்பது மத்திய மோட்டார் வாகன விதிகளின்படி கட்டாயம். கார் வாங்கும்போதே தருகிறார்கள். பலருடைய காரில் அவை பிரிக்கப்படாத உறைக்குள்ளேயே கிடக்கின்றன. பெட்டியிலுள்ள மருந்துகள் காலாவதியாகியிருக்கும். முக்கோணத்தைக் காருக்கு ஒட்டி வைப்பதில் பயனில்லை. குறைந்தது 50 மீட்டர் பின்னால், வேகமான சாலையில் இன்னும் தள்ளி வைக்க வேண்டும். பாதையில் கிடக்கும் தொல்லையை அகற்றுவது ஈமானின் கிளைகளுள் ஒன்று என்று நபி (ஸல்) கற்றுத் தந்தார்கள். இருளில் விளக்கின்றி நிற்கும் கார், வேலை முடிந்தபின் அப்படியே விடப்படும் கல்லும் கிளையும் வேறென்ன? பெரியவர் திரும்பி நடந்து கிளைகளைப் பொறுக்கியது இன்னும் என் கண்ணில் நிற்கிறது.

ஸ்டெப்னி பற்றி ஒரு செய்தி பலருக்குத் தெரியவில்லை. 2020ஆம் ஆண்டின் விதித் திருத்தத்துக்குப் பின், டியூப்லெஸ் டயரும், பஞ்சர் ஒட்டும் பொருள்களும், காற்றழுத்தம் காட்டும் கருவியும் உள்ள கார்களை ஸ்டெப்னி இல்லாமலேயே விற்க அனுமதி உண்டு. ஆகவே உங்கள் காரில் அது இருக்கிறதா என்பதையே முதலில் பாருங்கள். ஆணி குத்திய துளையை ஒட்டிவிடலாம். பக்கவாட்டில் கிழிந்த டயரை ஒட்ட இயலாது. உப்புக்காற்று வீசும் நம் கடலோர ஊர்களில் ஜாக்கியின் திருகும் துருப்பிடித்துவிடுகிறது. ஆண்டுக்கு இருமுறை எண்ணெய் இட்டுச் சுழற்றிப் பார்ப்பது நல்லது.

மழைக்காலப் பயணம் தனிக் கவனத்துக்குரியது. 2024 நவம்பர் 30 இரவு ஃபெஞ்சல் புயல் புதுச்சேரி அருகே கரையைக் கடந்தது. மயிலத்தில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டர் அளவுக்கு மழை கொட்டியது. அரசூர் அருகே சென்னை–திருச்சி நெடுஞ்சாலையில் வெள்ளம் புகுந்து போக்குவரத்து முடங்கியது. அப்படி நடுவழியில் சிக்கிக்கொள்ளும் குடும்பத்துக்கு ஜாக்கி உதவாது. குடிநீர், பேரீச்சம்பழம், பவர் பேங்க், ஒரு போர்வை, குழந்தைக்கும் பெண்களுக்கும் தேவையானவை, முதியவர்களின் மருந்து ஆகியவையே உதவும். இன்சுலினை வெயிலில் நிற்கும் காருக்குள் விட்டுவிடாதீர்கள். வெப்பத்தில் அது கெட்டுவிடும்.

ரமளானில் இன்னொரு காட்சி. நோன்பு திறக்க வீட்டுக்குப் போய்விட வேண்டும் என்று மஃக்ரிபுக்கு முந்தைய அரைமணி நேரத்தில் பறக்கிறார்கள். பயணிக்கு நோன்பிலேயே சலுகை இருக்க, இந்த அவசரம் ஏன்? நான்கு பேரீச்சம்பழமும் ஒரு பாட்டில் தண்ணீரும் காரில் இருந்தால் சாலையோரத்தில் நிறுத்தி நிதானமாகத் திறக்கலாம். என்னைக் கேட்டால், பெட்டியில் முதலில் வைக்க வேண்டியது இதுதான் என்பேன்.

இவையெல்லாம் நமக்காக மட்டுமன்று. ஒரு பயணத்தின்போது நபி (ஸல்) அவர்கள், கூடுதல் வாகனம் உள்ளவர் வாகனமற்றவருக்கும் கூடுதல் உணவு உள்ளவர் உணவற்றவருக்கும் கொடுத்துதவுமாறு பணித்ததாக அபூ ஸயீத் அல்குத்ரி (ரலி) அறிவித்துள்ள செய்தி முஸ்லிம் நூலில் உள்ளது. பின்பெட்டி காலியாக இருப்பவர் வழியில் நிற்பவருக்காக வண்டியை நிறுத்தினாலும் எதைக் கொடுப்பார்? விபத்தைக் கண்டு உதவினால் வழக்கில் சிக்குவோமோ என்ற பழைய அச்சத்துக்கும் இப்போது இடமில்லை. நல்லெண்ணத்தோடு உதவுவோருக்கு மோட்டார் வாகனச் சட்டத்தின் 2019 திருத்தம் 134ஏ பிரிவின் மூலம் பாதுகாப்பு வழங்குகிறது. 'இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48' திட்டத்தைத் தமிழக அரசு 2021 டிசம்பரில் மேல்மருவத்தூரில் தொடங்கியது. தமிழக எல்லைக்குள் சாலை விபத்தில் காயமுற்றவர் எந்த ஊராராக இருந்தாலும், திட்டத்தில் இணைந்த மருத்துவமனைகளில் முதல் 48 மணி நேரத்துக்கு வரையறுக்கப்பட்ட சிகிச்சைகளைக் கட்டணமின்றிப் பெறலாம். 108 வந்து சேரும்வரை, பீறிடும் இரத்தத்தைத் தூய துணியால் அழுத்திப் பிடிக்க ஒரு கை வேண்டும். அந்தத் துணியும் வேண்டும்.

இப்போது என் காரில் இரண்டு முக்கோணங்கள் இருக்கின்றன. ஒன்று எனக்கு, மற்றொன்று வழியில் எவருக்கேனும் கொடுத்துவிட்டுப் போக. அடுத்த முறை பெட்ரோல் பங்கில் காற்றடிக்கும் தம்பியிடம் நான்கு டயர்களோடு நிறுத்திக்கொள்ளாமல், பின்பெட்டியைத் திறந்து ஐந்தாவதையும் காட்டுங்கள்.