தண்ணீரைத் திறந்து விடுங்கள், பிள்ளைகளே

மார்கழி பிறந்துவிட்டது. பாகூரில் விடியற்காலையில் 21, 22 டிகிரி இருந்தாலே நாங்கள் குரங்குக் குல்லாய் மாட்டிக்கொண்டு "என்ன குளிர், என்ன குளிர்" என்று புலம்புகிறோம். இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு தண்ணீர் உறைவதைப் பற்றி எழுதுகிறாளே, டீச்சருக்கு வேறு வேலை இல்லையா என்று நினைப்பீர்கள். காரணம் இருக்கிறது.

போன ஞாயிற்றுக்கிழமை பிரான்சிலிருந்து ஒரு மாணவன் போன் செய்தான். வில்லியனூரில் என்னிடம் எட்டாம் வகுப்பு படித்தவன். பெயரைப் போட்டால் கோபித்துக்கொள்வான். நம் கொம்யூனில் வீட்டுக்கு ஒருவர் பிரான்சில் இருப்பது புதிதில்லை. ஆனால் இவன் இந்த வருடம் பழைய கேம்பிங் கார் ஒன்றை வாங்கியிருக்கிறான். படுக்கை, அடுப்பு, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் வண்டி. சேமிப்பு முழுவதையும் அதில்தான் போட்டிருக்கிறான். பேச்சுவாக்கில், "குளிர்காலத்துக்கு டேங்கைக் காலி பண்ணினியா?" என்று கேட்டேன். "டீச்சர், நான் தெற்குப் பக்கம் இருக்கேன். இங்க பனியே விழாது. எதுக்கு நூறு லிட்டர் தண்ணியை வீணாக்கணும்?" என்றான்.

எனக்குப் பகீர் என்றது. ஏனென்றால் இதே வார்த்தையை நானே ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். சொல்லி, இன்னொருவர் வண்டியைக் கெடுத்திருக்கிறேன்.

பணி ஓய்வுக்குப் பிறகு ஒரு டிசம்பரில் மகள் வீட்டுக்குப் போயிருந்தேன். மோன்பெலியே பக்கம். மத்தியதரைக் கடலை ஒட்டிய ஊர், குளிர் மிதமானது. ஜனவரி இரவுகளின் சராசரியே 3 டிகிரியை ஒட்டித்தான் இருக்கும். மாப்பிள்ளையிடமும் இப்படி ஒரு வண்டி இருந்தது. ஒரு நாள் பொழுது சாயும் நேரம், நிறுத்தியிருந்த வண்டிக்கு அடியில் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. நான் குழாயில் தண்ணீர் வரும் நேரத்துக்குக் குடத்தோடு காத்திருந்து வளர்ந்தவள். பதறிப்போய், "மாப்பிள்ளை, தண்ணி வீணாப் போகுது!" என்று கத்தினேன்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "அது ஒண்ணுமில்ல அத்தை. வெந்நீர் பாய்லர்ல ஒரு வால்வு இருக்கு. 3 டிகிரி பக்கம் வந்தா தானாத் திறந்துக்கும்." நான் விடவில்லை. "இன்னிக்கு ராத்திரி 2 டிகிரின்னு டிவியில சொன்னானே? பூஜ்யத்துக்கே போகாதே! அதுக்குள்ள இவ்வளவு நல்ல தண்ணியைக் கொட்டணுமா? ஏதாவது வழி பண்ணக்கூடாதா?" வயதான மாமியார், அதிலும் அறிவியல் டீச்சர். அவர் என்ன செய்வார், பாவம்? பாய்லரைத் திரும்ப நிரப்பினார். துணி மாட்டும் கிளிப் ஒன்றை எடுத்து வந்து, வால்வின் குமிழ் திறந்துகொள்ளாதபடி மாட்டிவிட்டார். அங்கே பலரும் செய்கிற தந்திரம்தானாம். எனக்கு ஒரே பெருமை.

அன்றைக்கு இரவு வானம் துடைத்துவிட்ட மாதிரி இருந்தது. காற்றில்லை. காலையில் வண்டிக் கூரையெல்லாம் வெள்ளை. நான் அதைப் போட்டோ எடுத்து உங்கள் குழுவில் போட்டேன், பார்த்திருப்பீர்கள்! பத்து நாள் கழித்து ஒரு பயணத்துக்காகப் பம்ப் போட்டபோதுதான் தெரிந்தது. பம்ப் நிற்காமல் ஓடியது, தரைக்கு அடியிலிருந்து தண்ணீர் வந்தது. பம்பின் வடிகட்டிக் கிண்ணம், ஷவர் குழாய், பாய்லர் மூன்றிலும் விரிசல். என்ன செலவானது என்று மாப்பிள்ளை இன்றுவரை என்னிடம் சொல்லவில்லை. மகளும் சொல்லவில்லை.

முப்பது வருடம் நான் நடத்திய பாடம் இது. தண்ணீர் 4 டிகிரியில்தான் மிக அடர்த்தி. உறையும்போது கிட்டத்தட்ட 9 சதவீதம் விரியும். "ஏரியின் மேற்பரப்பு உறைந்தாலும் அடியில் மீன்கள் உயிர் வாழ்வது எப்படி?" என்று கேள்வி கேட்டு உங்களுக்கு மதிப்பெண் போட்டிருக்கிறேன். பாகூர் ஏரி உறைந்து நானும் பார்த்ததில்லை, நீங்களும் பார்த்ததில்லை. மீன் மார்க்கெட்டிலிருந்து ஐஸ் வாங்கி வந்து, கல்லுப்பைக் கலந்து, அதற்குள் தண்ணீர் நிரப்பி மூடிய சீசாவைப் புதைத்து வெடிக்க வைத்தேனே, நினைவிருக்கிறதா? சீசாவுக்குப் புதுச்சேரியில் பஞ்சமா! அப்படியெல்லாம் நடத்தியவள்தான் அந்தக் கிளிப்பை மாட்டச் சொன்னாள்.

இன்னும் வெட்கம் என்னவென்றால், எனக்கு இதை ஏற்கெனவே ஒருவர் சொல்லிக் கொடுத்திருந்தார். ஒரு ஜனவரியில் பிள்ளைகளை ஊட்டிக்குச் சுற்றுலா அழைத்துப் போனோம். காலையில் தாவரவியல் பூங்காப் புல்வெளி உப்பளம் போல வெளுத்துக் கிடந்தது. அதற்கு முந்தின இரவு, பஸ் டிரைவர் ரேடியேட்டர் தண்ணீரைத் திறந்துவிட்டுக்கொண்டிருந்தார். அப்போதும் நான், "ஏன் வீணாக்குறீங்க?" என்றேன். "டீச்சரம்மா, தண்ணி போனா காலையில ஊத்திக்கலாம். ரேடியேட்டர் வெடிச்சா ஊட்டியிலயே கிடக்க வேண்டியதுதான்" என்றார்.

ஆகவே என் கருத்தை அழுத்திச் சொல்கிறேன். கடுங்குளிர் ஊரில் இருப்பவர்களைவிட, மிதமான குளிர் உள்ள ஊரில் இருப்பவர்கள்தான் கூடுதல் கவனமாக இருக்க வேண்டும். கனடாவில் வண்டி வைத்திருப்பவரிடம் இதைச் சொல்லவே வேண்டாம், பனி வருமுன் தானே செய்துவிடுவார். "இங்கே வராது" என்கிறவர்தான் மாட்டிக்கொள்வார். அதே தெற்குப் பிரான்சில் 1956 பிப்ரவரியில் வந்த குளிரில் ஒலிவ மரங்கள் தோப்புத் தோப்பாகச் செத்தன. நமக்கு 2011 டிசம்பர் 30 தெரியாதா? மழைக்காலம் முடிந்தது என்று இருந்தோம். தானே புயல் ஒரே காலையில் கடலூர், பண்ருட்டிப் பக்கம் முந்திரியையும் பலாவையும் சாய்த்துவிட்டுப் போனது. 2021 பிப்ரவரியில் அமெரிக்காவின் டெக்சாஸும் அப்படித்தான். 40 லட்சத்துக்கும் மேற்பட்ட வீடுகளில் மின்சாரம் போனது, வீட்டுக் குழாய்கள் வெடித்தன, அரசு கணக்குப்படியே 246 பேர் இறந்தார்கள். என் அக்கா மகன் டல்லஸில் போர்வைக்குள் உட்கார்ந்து போன் செய்த குரல் இன்னும் காதில் இருக்கிறது.

டிவியில் சொல்கிற 2 டிகிரி, தரைக்கு ஒன்றரை, இரண்டு மீட்டர் உயரத்துக் காற்றின் கணக்கு. மேகமும் காற்றும் இல்லாத இரவில் தரையும் வண்டிக் கூரையும் அதைவிடக் கீழே போகும். அதோடு, நூறு லிட்டர் டேங்க் உறைய நேரமாகும். விரல் பருமன் குழாயும் பம்பும் சீக்கிரம் உறையும். டேங்க் தண்ணீர் தளும்புகிறதே என்று பார்த்து ஏமாறாதீர்கள். குழாய்க்குள் ஓரிடத்தில் பனிக்கட்டி அடைத்துக்கொண்டால், அதற்கும் மூடிய குழாய் வாய்க்கும் நடுவில் மாட்டிய தண்ணீரில் அழுத்தம் ஏறும். அங்கேதான் வெடிக்கும். அப்போது தெரியாது, பனி உருகிய பிறகுதான் ஒழுகும்.

வண்டியை நிறுத்திவைப்பவர்கள் இப்படிச் செய்யுங்கள். பாய்லரை அணைத்து ஆறவிட்டு, பம்பை நிறுத்தி, டேங்க், பாய்லர் இரண்டின் வடிகால் வால்வையும் திறவுங்கள். எல்லாக் குழாய்களையும் திறந்து, பிடியை வெந்நீருக்கும் தண்ணீருக்கும் நடுவில் விடுங்கள். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் மறு பக்கத்தில் தண்ணீர் தங்கும். ஷவர் தலையைக் கீழே இறக்கி உதறுங்கள். வடிந்த பிறகு பம்பைச் சில விநாடி ஓட்டினால் உள்ளே நிற்பது துப்பிவிடும். வடிகட்டிக் கிண்ணத்தைக் கழற்றிக் கவிழ்த்து வையுங்கள். கழிவறைத் தண்ணீர், கழிவுநீர் டேங்க் இரண்டையும் மறக்காதீர்கள். குழாயும் வால்வும் வசந்தம் வரும்வரை திறந்தே கிடக்கட்டும். நான் கத்தினாலும் மூடாதீர்கள்.

வண்டியில் தங்கியிருந்தால் இரவெல்லாம் ஹீட்டர் ஓடட்டும். குழாய் போகும் அலமாரிக் கதவுகளைத் திறந்து வைத்தால் சூடு உள்ளே போகும். கழிவுநீர் டேங்க் பெரும்பாலும் வண்டிக்கு அடியில், வெளியே தொங்கும். அதன் வால்வைத் திறந்து கீழே ஒரு வாளி வையுங்கள். யாராவது கார் ரேடியேட்டருக்கான உறைதடுப்புத் திரவத்தை ஊற்றச் சொன்னால் கேட்காதீர்கள். அதில் பொதுவாக இருக்கும் எத்திலீன் கிளைகால் விஷம், அதுவும் இனிக்கும் விஷம். குழந்தைகள் இருக்கிற வண்டி.

தண்ணீரை வீணாக்குவது பாவம் என்றுதான் இன்றும் சொல்வேன். அந்தத் தண்ணீர் செடிக்குப் போகட்டும், வாளியில் பிடித்து வாசலைக் கழுவுங்கள். மாப்பிள்ளை இதைப் படிப்பார். நேரில் சொல்ல வாய் வரவில்லை, அதனால் எல்லார் முன்னாலும் எழுதிவிட்டேன்.

வண்டி வைத்திருக்கிற பிள்ளைகள் இன்றைக்கே குனிந்து வடிகால் வால்வு எங்கே இருக்கிறது என்று பார்த்துவிட்டு எனக்குப் போன் செய்யுங்கள். பிரான்சில் இருப்பவர்கள் உங்கள் நேரம் மாலை நாலரைக்குள் கூப்பிடுங்கள். அதற்கு மேல் இங்கே ஒன்பதாகிவிடும், நான் தூங்கிவிடுவேன்.