முகத்தைக் காட்டுங்கள் பிள்ளைகளே



கொஞ்சம் நீளமான பதிவு. பாதியில் விட்டுவிட்டு லைக் மட்டும் போட்டுவிட்டுப் போகாதீர்கள். கடைசியில் வீட்டுப்பாடம் இருக்கிறது.

போன வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஆறரை மணி இருக்கும். ஐப்பசித் தூறல் விட்டும் விடாமலும் விழுந்துகொண்டிருந்தது. நானும் வீட்டுக்காரரும் பாளையங்கோட்டை மார்க்கெட்டில் காய்கறி வாங்கிவிட்டு நடந்து வந்துகொண்டிருந்தோம். ஒரு சந்திலிருந்து வெள்ளைக் கார் ஒன்று வந்து, மெயின் ரோட்டில் ஏறுவதற்காக நின்றது. முன் கண்ணாடி முதல் பின் கண்ணாடி வரை கறுப்பு ஃபிலிம். உள்ளே இருப்பவர் எங்களைப் பார்க்கிறாரா, வேறு பக்கம் பார்க்கிறாரா, ஒன்றும் தெரியவில்லை. நமக்காகத்தான் நிற்கிறது என்று நினைத்துக் குறுக்கே காலெடுத்து வைத்தேன். கார் நகர்ந்துவிட்டது. பம்பர் முழங்காலில் இடித்து, நான் ஒரு பக்கம், கத்தரிக்காய் ஒரு பக்கம்.

கண்ணாடி இறங்கியது. "ஐயோ, டீச்சர் நீங்களா!" என்று ஒரு சத்தம். என்னிடம் ஐந்தாம் வகுப்பு படித்த பையன். இப்போது அவனுக்கே ஐந்தாம் வகுப்பில் பிள்ளை இருக்கிறது.

ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போய், எக்ஸ்ரே எடுத்து, வீடுவரை கொண்டுவந்து விட்டான். எலும்புக்கு ஒன்றுமில்லை. வழியெல்லாம் புலம்பிக்கொண்டே வந்தான். "சத்தியமா உங்களப் பாக்கல டீச்சர். வலது பக்கம் வண்டி வருதான்னு பாத்துக்கிட்டிருந்தேன். மழை, இருட்டு வேற."

"ஏன்ல இந்தக் கறுப்பை ஒட்டியிருக்க?" என்று கேட்டேன்.

"வெளிய இருந்து பாத்தாத்தான் கறுப்பு டீச்சர். உள்ள இருந்து எல்லாம் நல்லாத் தெரியும்" என்றான்.

இரண்டையும் ஒரே பயணத்தில், ஒரே வாயால் சொன்னான். எது சரி, எது தவறு என்று நீங்களே குறித்துக்கொள்ளுங்கள்.

அவன் பெயரைக் கமெண்டில் கேட்காதீர்கள், சொல்லமாட்டேன். அவன்மேல் எனக்குக் கோபமும் இல்லை. அவன் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். என் கோபம் அந்த ஃபிலிம்மேல். முழங்காலில் கட்டோடு வாசலில் உட்கார்ந்து எண்ணிப் பார்த்தேன். எங்கள் தெருவில் பதினொரு கார்கள். ஏழில் கறுப்பு. அதில் இரண்டு நம் சொந்தக்காரர்களுடையது. அவர்களும் இதைப் படிப்பார்கள். படிக்கட்டும்.

சேரன்மகாதேவிப் பக்கம் நம் பள்ளிக்கூடம் ரோட்டோரம் இருந்தது உங்களுக்கு நினைவிருக்கும். பாபநாசம் பஸ்களும் செங்கல் லாரிகளும் போகிற ரோடு. மணி அடித்ததும் உங்களை வரிசையாக நிறுத்தி நான் சொல்லிக்கொடுத்தது என்ன? வலது பக்கம் பார், இடது பக்கம் பார், மறுபடி வலது பக்கம் பார். அதற்கப்புறம் இன்னொன்றும் சொல்வேன். வண்டி நின்றால் மட்டும் போதாது, டிரைவர் முகத்தைப் பார். அவர் உன்னைப் பார்த்துவிட்டார் என்று தெரிந்தபிறகு காலை எடுத்து வை.

எந்தப் புத்தகத்திலும் பார்த்து அதை நான் சொல்லவில்லை. நம் ஊர் ரோடு அப்படித்தான் ஓடுகிறது. வண்ணார்பேட்டையிலும், டவுன் ரத வீதியிலும், சுலோசன முதலியார் பாலத்திலும் எத்தனை சிக்னல், எத்தனை கோடு போட்டாலும், கடைசியில் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துத்தான் போகிறோம். சைக்கிள்காரர் கையைத் தூக்குவார், கார்க்காரர் தலையை ஆட்டுவார், ஆச்சி கடந்துபோவாள். அறுவடைக் காலத்தில் ரோட்டோரம் நெல் காயப் போட்டிருப்பவரும், ஆட்டை ஓட்டிப் போகிறவரும் நம்பியிருப்பது அந்த ஒரு தலையாட்டலைத்தான். முகத்தைப் பார் என்று நான் சொல்லிக்கொடுத்த பிள்ளைகள் வளர்ந்து, சம்பாதித்து, கார் வாங்கி, முதல் வேலையாக முகத்தை மறைத்துக்கொண்டால் எனக்குக் கோபம் வராதா?

இது சட்டப்படியும் தப்பு. மத்திய மோட்டார் வாகன விதிகள் 1989, விதி எண் 100. முன் கண்ணாடி, பின் கண்ணாடி வழியாக 70 சதவீத வெளிச்சமாவது உள்ளே போகவேண்டும். பக்கக் கண்ணாடிகளில் 50 சதவீதமாவது போகவேண்டும். கொல்கத்தாக்காரர் அவிஷேக் கோயங்கா தொடுத்த பொதுநல வழக்கில், 2012 ஏப்ரல் 27 அன்று தலைமை நீதிபதி எஸ்.எச்.கபாடியா தலைமையிலான உச்சநீதிமன்ற அமர்வு தீர்ப்புச் சொன்னது. எத்தனை சதவீத ஃபிலிமாக இருந்தாலும் கார்க் கண்ணாடியில் ஒட்டக்கூடாது என்றது. அந்த வருஷம் மே 4 முதல் அது நடைமுறைக்கு வந்தது. கண்ணாடி தயாராகும்போதே லேசான நிறத்தோடு வந்தால், அந்த 70, 50 அளவுக்குள் இருந்தால் தப்பில்லை. கடையில் வாங்கி ஒட்டுவதுதான் தப்பு என்றார்கள்.

"டீச்சர், கேரளாவில் அனுமதித்துவிட்டார்களே" என்று வாட்ஸ்அப்பில் ஒருவன் ஏற்கெனவே அனுப்பிவிட்டான். 2020-இல் விதி 100 திருத்தப்பட்டது. அதை வைத்து, 2024 செப்டம்பரில் கேரள உயர்நீதிமன்றம், விதியில் சொன்ன வெளிச்ச அளவு குறையாத ஃபிலிமுக்கு அபராதம் போடக்கூடாது என்று சொன்னது உண்மைதான். அதையும் முழுசாகப் படியுங்கள். வெளிச்ச அளவு குறையக்கூடாது என்கிற நிபந்தனை அங்கேயும் இருக்கிறது. 70, 50 என்ற எண்களை யாரும் அழிக்கவில்லை. இருக்கிற சட்டங்களிலேயே தாராளமானதை எடுத்துக்கொண்டாலும் உங்கள் கறுப்பு ஃபிலிம் பாஸாகாது.

ஏன் பாஸாகாது? ஒரு கணக்குப் போடுவோம். நோட்டை எடுங்கள்.

ஸ்டிக்கர் கடையில் "இது 50 சதவீத ஃபிலிம், லீகல்தான்" என்று சொல்லி விற்பார்கள். உங்கள் கார்க் கண்ணாடி ஃபிலிம் இல்லாமலே 75 சதவீத வெளிச்சத்தைத்தான் விடுகிறது என்று வைத்துக்கொள்வோம். அதன்மேல் 50 சதவீத ஃபிலிமை ஒட்டினால் எவ்வளவு வரும்? ஐம்பது என்று சொன்னவன் எல்லாம் பெஞ்சுமேல் ஏறு. 75-இல் 50 சதவீதம், அதாவது முப்பத்தேழரை. 35 சதவீத ஃபிலிம் ஒட்டினால் 26 சொச்சம். 20 சதவீத ஃபிலிம் என்றால் வெறும் 15. நூறு பங்கு வெளிச்சத்தில் எண்பத்தைந்து பங்கை வெளியே விரட்டிவிட்டு, மழை இருட்டில் வண்டியை ஓட்டுகிறான். சைடு மிரர் காருக்கு வெளியேதான் இருக்கிறது, அதையும் அந்தக் கறுப்புக் கண்ணாடி வழியாகத்தான் பார்க்கிறான். இடது பக்கம் ஒட்டி வருகிற டிவிஎஸ் ஐம்பதும், இருட்டு நிறச் சேலை கட்டிய கிழவியும் எப்படித் தெரிவார்கள்?

அறுபதைத் தாண்டியும் கார் ஓட்டுகிற அண்ணன்மார், மைனிமார் சிலர் இருக்கிறீர்கள். உங்களுக்குத் தனியாக ஒன்று சொல்கிறேன். இருபது வயதில் நம் விழித்திரைக்குப் போய்ச் சேர்ந்த வெளிச்சத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்குதான் அறுபது வயதில் சேரும். வயசே நம் கண்ணில் ஒரு ஃபிலிம் ஒட்டிவிட்டது. கடைக்காரர் ஒட்டுகிற இன்னொன்று எதற்கு?

இனி நீங்கள் சொல்லும் சாக்குகளுக்கு வருகிறேன்.

முதல் சாக்கு, வெயில். திருநெல்வேலி வெயிலை எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டாம். ஓட்டுக்கூரை வகுப்பில், ஃபேன் இல்லாமல் பாடம் நடத்தியவள் நான். சூரியனிலிருந்து வருகிற சக்தியில் ஏறத்தாழப் பாதி, கண்ணுக்குத் தெரியாத அகச்சிவப்புக் கதிர். ஃபிலிம் கறுப்பாக இருப்பதால் மட்டும் அது நின்றுவிடாது. சாதாரணக் கறுப்பு ஃபிலிம் வெளிச்சத்தை உறிஞ்சித் தானே சூடாகும். அந்தச் சூட்டில் ஒரு பங்கு காருக்குள்ளேயேதான் வரும். நிழல் பார்த்து நிறுத்துங்கள். வண்டி நிற்கும்போது முன் கண்ணாடிக்கு உள்ளே ஒரு மறைப்பு வையுங்கள். ஏறுவதற்கு முன் இரண்டு நிமிஷம் கதவுகளைத் திறந்துவிட்டு, பிறகு ஏசியைப் போடுங்கள். காசில்லாத வைத்தியம்.

இரண்டாவது சாக்கு, பெண்கள் பாதுகாப்பு. இதைச் சொன்னது என் தங்கை மகள். "ராத்திரி தனியா வாரேன் பெரியம்மா, உள்ள பொம்பளை இருக்கான்னு தெரியாம இருந்தா நல்லதுல்லா?" என்று கேட்டாள். நியாயமான பயம், அதைச் சிரித்துத் தள்ளமாட்டேன். ஆனால் கறுப்புக் கண்ணாடி உன்னை மட்டும் மறைப்பதில்லை அம்மா, உனக்கு ஒரு ஆபத்து வந்தால் அதையும் சேர்த்து மறைக்கும். உச்சநீதிமன்றம் அந்தத் தீர்ப்பில் குற்றங்களுக்குக் கறுப்புக் கண்ணாடி துணைபோவதைத்தான் பெரிய காரணமாகச் சொன்னது. அது வந்து எட்டு மாதம்கூட ஆகவில்லை. 2012 டிசம்பர் 16 ராத்திரி டெல்லியில் ஓடிய அந்த பஸ்ஸின் ஜன்னல்களில் கறுப்பும் திரைச்சீலையும் இருந்தன. டெல்லி ரோட்டில் எத்தனையோ பேர் அந்த பஸ்ஸைக் கடந்து போயிருப்பார்கள். உள்ளே நடந்ததைப் பார்க்க ஒருவராலும் முடியவில்லை. நமக்கு ஒன்று என்றால் நாலு பேர் கண்ணில் படவேண்டும். அதுதான் பாதுகாப்பு.

மூன்றாவது சாக்கு, "பெரிய ஆட்கள் வண்டியிலெல்லாம் இருக்கிறதே." இசட், இசட் பிளஸ் பாதுகாப்பு உள்ளவர்களுக்கு மட்டும், அதுவும் உயர் போலீஸ் அதிகாரியின் அனுமதியோடு, விலக்குத் தரலாம் என்று நீதிமன்றம் சொன்னது. கட்சிக்கொடி கட்டினால் விலக்கு என்று எங்கேயும் இல்லை. யாரோ ஒருவர் தப்புச் செய்கிறார் என்றால் அவரிடம் கேட்கவேண்டியதுதானே? பக்கத்துப் பையன் காப்பியடித்தான் என்று நீயும் அடித்தால் உனக்கும் முட்டைதான் போட்டேன். மறந்துவிட்டதா?

நான்காவது சாக்கு, "பிடித்தால் ஐந்நூறு ரூபாய்தானே டீச்சர்." மோட்டார் வாகனச் சட்டம் 177-ஆவது பிரிவில் முதல் தடவை 500 ரூபாய், திரும்பச் செய்தால் 1500 ரூபாய் வரை. உண்மைதான், சின்னத் தொகை. போலீஸும் ஒரு வாரம் ஜங்ஷனில் நின்று ஃபிலிமைக் கிழிப்பார்கள், அப்புறம் வேறு வேலைக்குப் போய்விடுவார்கள். ஒட்டுகிற கடை பகிரங்கமாக போர்டு மாட்டி வியாபாரம் செய்கிறது, அதைக் கேட்பாரில்லை. ஒட்டுபவனை விட்டுவிட்டு ஒட்டிக்கொண்டவனை மட்டும் பிடித்தால் இது ஒருநாளும் ஒழியாது. இதை அரசாங்கத்துக்குச் சொல்கிறேன். உங்களுக்குச் சொல்வது வேறு. அபராதம் சின்னதாக இருப்பதால் தப்பும் சின்னதாகிவிடாது.

இன்னொன்றும் சொல்லவேண்டும். எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதுகிறேன். 2022 ஜூன் மாதம் நம் மாவட்டத்தில், பணகுடி பக்கத்து லெப்பைக்குடியிருப்பில், நிறுத்தியிருந்த காருக்குள் விளையாடப் போன மூன்று பிஞ்சுகள் வெளியே வரமுடியாமல் மூச்சுத் திணறி இறந்துபோனார்கள். அதற்குக் கறுப்பு ஃபிலிம் காரணம் என்று நான் சொல்லவில்லை. ஆனால் அந்தச் செய்தி படித்த நாள் முதல், நிற்கிற காரைக் கடக்கும்போதெல்லாம் என்னை அறியாமல் உள்ளே எட்டிப் பார்க்கிறேன். வெயிலில் பூட்டிக் கிடக்கும் காருக்குள் அரை மணி நேரத்திலேயே சூடு 50 டிகிரியைத் தாண்டிவிடும். உள்ளே ஒரு குழந்தை மாட்டிக்கொண்டால், வழியே போகிற யாரோ ஒருவர் கண்ணில் படுவதுதான் அதற்குக் கடைசி நம்பிக்கை. எங்கள் தெருவில் ஏழு கார்களில் எட்டிப் பார்த்தால் என் மூஞ்சிதான் எனக்குத் தெரிகிறது.

சரி, வீட்டுப்பாடம். வருகிற ஞாயிற்றுக்கிழமை காலையில் ஒரு மணி நேரம் ஒதுக்குங்கள். தலைமுடி காயவைக்கிற டிரையரால் ஃபிலிமின் ஓரத்தைச் சூடாக்கினால் பசை இளகும். மெதுவாகப் பிடித்து உரியுங்கள், அவசரப்படாதீர்கள். மீதிப் பசையைச் சோப்புத் தண்ணீர் தொட்டுத் துடையுங்கள். பின் கண்ணாடியில் பனி நீக்கும் மெல்லிய கம்பிக்கோடுகள் இருந்தால் பிளேடு போடாதீர்கள், அறுந்துவிடும். உரிக்கத் தெரியாதவர்கள் ஒட்டிய கடைக்கே போய் உரிக்கச் சொல்லுங்கள்.

வெள்ளிக்கிழமை என்னை இடித்த பையன் மறுநாள் காலையிலேயே வந்துவிட்டான். எங்கள் வாசலில் காரை நிறுத்தி, அவனும் அவன் மகளும் உட்கார்ந்து உரித்தார்கள். நான் நாற்காலியில் இருந்தபடி மேற்பார்வை. கடைசியாக டிரைவர் பக்கத்துக் கண்ணாடியை உரித்ததும் அந்தக் குட்டி, "அப்பா, ஆச்சி மூஞ்சி இப்ப நல்லாத் தெரியுது" என்றாள்.

உரித்தபிறகு கார் படத்தைக் கமெண்டில் போடுங்கள். ஒவ்வொன்றுக்கும் நான் டிக் போடுவேன். சிவப்பு மை இன்னும் தீரவில்லை.

உங்கள் டீச்சர்