கைத்தட்டலுக்குப் பிறகு

2021 ஜூலை 8 அன்று, ஃபுளோரிடா மாநிலத்தின் ஒர்லாண்டோவில் நடந்த ஸ்கிரிப்ஸ் தேசிய ஸ்பெல்லிங் பீ என்ற ஆங்கில எழுத்துக்கூட்டல் போட்டியின் இறுதிச்சுற்றில் லூசியானாவைச் சேர்ந்த 14 வயது ஸைலா அவான்-கார்ட் வென்றார். 'முராயா' என்ற தாவரப் பேரினத்தின் பெயரைப் பிழையின்றி எழுத்துக்கூட்டிச் சொன்னதும் பட்டம் அவருடையதானது. கூடைப்பந்தாட்டத்தில் மூன்று கின்னஸ் சாதனைகளும் அவர் பெயரில் இருந்தன. ஆப்பிரிக்க அமெரிக்கர் ஒருவர் இந்தப் பட்டத்தை வெல்வது இதுவே முதல் முறை என்று செய்தி உலகமெங்கும் போனது.

செய்தி உண்மை. ஆனால், 1925இல் தொடங்கிய போட்டியில் அந்த முதல் வெற்றிக்கு ஏன் 96 ஆண்டுகள் ஆயின? பெரும்பாலான செய்திகளில் இதற்கான விடை ஓரிரு வரிகளோடு முடிந்துவிட்டது. இந்தப் போட்டியைத் தொடங்கியவை ஒன்பது செய்தித்தாள்கள். நெடுங்காலம் ஊர் ஊராகப் பிள்ளைகளைத் தேர்ந்தெடுத்து அனுப்பியவையும் செய்தித்தாள்களே. ஆகவே, இந்தக் கேள்விக்கு முதலில் பதில் சொல்ல வேண்டியது பத்திரிகை உலகம்தான்.

ஸைலாவின் வெற்றிக்கு 113 ஆண்டுகளுக்கு முன்பே, வேறொரு போட்டியில், இப்படியொரு வெற்றி வந்திருக்கிறது. 1908இல், கிளீவ்லாந்தில், பல நகரங்களின் பள்ளி அணிகள் மோதிய எழுத்துக்கூட்டல் போட்டி நடந்தது. கிளீவ்லாந்து அணியில் கறுப்பினச் சிறுமி ஒருவர் இருப்பதைக் கண்ட நியூ ஆர்லியன்ஸ் அணி, விலகிக்கொள்வோம் என்று மிரட்டியது. கிளீவ்லாந்து அசையவில்லை. தபால்காரரின் மகளான மேரி போல்டன் என்ற அந்த 14 வயதுச் சிறுமி ஒரு பிழைகூட இல்லாமல் முதலிடம் பெற்றார். அன்றைய நாளிதழ்கள் எழுதத்தான் எழுதின. ஆனால் அந்தப் புகழ் நிலைக்கவில்லை. பேரப்பிள்ளைகளைக் கண்டு வாழ்ந்த அவருடைய இந்தச் சாதனை, அவர் இறந்த பிறகே குடும்பத்தாருக்குத் தெரியவந்தது.

1936இல் ஒஹாயோ மாநிலத்தின் ஆக்ரன் நகரிலிருந்து 13 வயது மெக்னோலியா காக்ஸ் ஸ்பெல்லிங் பீயின் தேசிய இறுதிப்போட்டிக்குப் போனார். நியூ ஜெர்சியின் எலிசபெத் கென்னியோடு சேர்ந்து, அந்த மேடையை எட்டிய முதல் கறுப்பினப் பிள்ளைகளில் ஒருவர் அவர். ஊரே திரண்டு வழியனுப்பியது. ரயில் மேரிலாந்து எல்லையைத் தொட்டதும் தாயும் மகளும் கறுப்பினத்தவருக்கான பெட்டிக்கு மாற்றப்பட்டார்கள். போட்டி நடந்த வாஷிங்டனில் மற்றப் போட்டியாளர்கள் தங்கிய விடுதியில் அவர்களுக்கு இடமில்லை. கறுப்பின மருத்துவர் ஒருவரின் வீட்டில் தங்கினார்கள். விருந்திலும் தனி மேசை. கடைசி ஐவரில் ஒருவராக மெக்னோலியா நின்றபோது அவரிடம் கேட்கப்பட்ட சொல் 'நெமிசிஸ்'. கிரேக்கப் பெண்தெய்வத்தின் பெயர் அது. சிறப்புப் பெயர்களைக் கேட்கக்கூடாது என்பது போட்டியின் விதி. அவரை அனுப்பிவைத்த நாளிதழின் செய்தியாளர் அங்கேயே எதிர்த்தார். நடுவர்கள் கேட்கவில்லை. மெக்னோலியா ஐந்தாமிடத்தோடு திரும்பினார்.

அதற்குப் பிறகு நடந்ததை நாம் இன்னும் கவனமாகப் பார்க்க வேண்டும். வரவேற்பு நடந்தது, வாழ்த்துகள் குவிந்தன. கல்லூரி வாசல் மட்டும் திறக்கவில்லை. அந்த அறிவுக்கூர்மையுள்ள பெண் வீட்டுவேலை செய்து பிழைத்தார். 1976இல், 53 வயதில், இறந்தார். கவிஞர் ஏ. வான் ஜோர்டன் 2004இல் ஒரு கவிதை நூல் முழுவதையும் அவருக்காக எழுதிய பிறகே பலருக்கு அந்தப் பெயர் தெரிந்தது. செய்தித்தாள் செய்ய வேண்டிய வேலையைக் கவிதை செய்தது.

அங்கீகாரம் என்று நாம் சொல்வது இந்த இடத்தில்தான் சோதிக்கப்படுகிறது. ஒருநாள் படம் போடுவது எளிது. தடுத்தவர் யார் என்று எழுதுவதும், வென்ற பிள்ளைக்குப் பத்தாண்டு கழித்து என்ன கிடைத்தது என்று தேடிப் போவதும் கடினம். அந்த வேலையை ஊடகம் செய்யாதபோது, ஒவ்வொரு கறுப்பினப் பிள்ளையின் வெற்றியும் எங்கிருந்தோ வந்த அதிசயமாகத் தோன்றுகிறது. தனக்கு முன்னால் மெக்னோலியா இருந்ததை ஸைலாதான் பேட்டிகளில் நினைவூட்டினார். பயிற்சிக்கு ஆகும் செலவு கறுப்பினக் குழந்தைகளைத் தள்ளி நிறுத்துகிறது என்பதையும் அவரே சொன்னார். 14 வயதுப் பிள்ளை செய்தியாளர்களின் பொறுப்பையும் சேர்த்துச் சுமக்க வேண்டியிருந்தது.

இதில் நமக்கும் பங்குண்டு. 1985இல் பாலு நடராஜன் வென்றதிலிருந்து இந்தப் போட்டி இந்திய வம்சாவளிப் பிள்ளைகளின் பெருமைக்களமாக வளர்ந்திருக்கிறது. 2019இல் பட்டத்தைப் பகிர்ந்துகொண்ட எட்டுப் பேரில் ஏழு பேர் அவர்கள். தமிழ் ஏடுகளும் அவர்களை நம் பிள்ளைகள் என்று கொண்டாடுகின்றன, கொண்டாடட்டும். ஆனால் அவர்களின் பெற்றோரும் தாத்தா பாட்டியும் அமெரிக்காவுக்குள் நுழைந்த வழி எப்படித் திறந்தது? 1946 முதல் ஆண்டுக்கு ஏறத்தாழ நூறு இந்தியர் என்றிருந்த ஒதுக்கீட்டு முறையை 1965இன் குடியேற்றச் சட்டம் ஒழித்தது. பிறந்த நாட்டை வைத்து மனிதரைத் தரம்பிரிக்கும் சட்டம் இனிச் செல்லாது என்ற நிலையை அந்நாட்டில் உருவாக்கியது கறுப்பின மக்களின் குடிமை உரிமைப் போராட்டம். அவர்கள் அடிபட்டு, சிறைப்பட்டு, உயிர்கொடுத்துத் திறந்த வாசல் வழியாகத்தான் நம்மவர்கள் உள்ளே போனார்கள். அந்தக் கடனைக் குறிப்பிடாமல் நாம் வெளியிடும் ஒவ்வொரு பாராட்டுச் செய்தியும் அரைகுறைச் செய்தியே. நம்மவர் திறமையை இரத்தத்தில் ஊறியது என்று புகழும்போது, கறுப்பினப் பிள்ளைகளுக்கு அது இல்லை என்றும் நாம் சொல்லாமல் சொல்லிவிடுகிறோம். சாதியின் பெயரால் இதே வாதத்தைக் கேட்டுக் கேட்டு நொந்த நாடு இது. நாம் அதை இன்னொரு மக்களின்மேல் ஏவக்கூடாது.

பத்திரிகை நடத்துவோர் அனைவரிடமும் எங்கள் வேண்டுகோள் இது: கறுப்பினப் பிள்ளை ஒன்று வென்ற செய்தி வரும்போது, அந்தப் பிள்ளைக்கு முன்னால் அந்த மேடைக்கு வந்து தடுக்கப்பட்டவர்களின் பெயர்களையும் சேர்த்து அச்சிடுங்கள். தடுத்த விதிகளையும் நிறுவனங்களையும் பெயர் சொல்லி எழுதுங்கள். சில ஆண்டுகள் கழித்து அந்தப் பிள்ளையைத் தேடிப்போய் மீண்டும் எழுதுங்கள். மேரி போல்டனுக்கும் மெக்னோலியா காக்ஸுக்கும் நம் தொழில் செய்யத் தவறியது அதுதான்.