தேங்கிய சரக்கா? தேடப்படும் சரக்கா?



ஸ்ரீபெரும்புதூரிலிருந்து ஒரகடம் வழியாகச் சிங்கப்பெருமாள்கோவில் வரை ஒருமுறை சென்று வந்தால் நம் பகுதி எவ்வளவு மாறிவிட்டது என்பது தெரியும். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் வெளிவந்தது. 2010-ல் ஒரகடத்தில் ரெனோ - நிஸான் தொழிற்சாலையும், 2012-ல் டெய்ம்லர் லாரித் தொழிற்சாலையும், 2013-ல் ராயல் என்ஃபீல்டும் உற்பத்தியைத் தொடங்கின. தொழிற்சாலைகளைப் பின்தொடர்ந்து கடைகளும் வந்தன. அரிசி, பருப்பு விற்ற குடும்பத்துப் பிள்ளைகள் இன்று பக்கத்துக் கதவைத் திறந்து வாகன உதிரிப்பாகக் கடை வைக்கிறார்கள். நமக்கு மகிழ்ச்சியே. ஆனால் மளிகைக்கு ஒரு கணக்கு, உதிரிப்பாகத்துக்கு வேறு கணக்கு என்பதை அவர்களுக்கு எடுத்துச் சொல்வது மூத்த வணிகர்களாகிய நம் கடமை.

இந்தக் கணக்கைப் புரிந்துகொள்ள நல்ல உதாரணம் பந்தயக் கார். "மளிகைக்காரனுக்கும் பந்தயக் காருக்கும் என்ன ஐயா சம்பந்தம்?" என்று கேட்கலாம். சம்பந்தம் இருக்கிறது. 1990 முதல் இருங்காட்டுக்கோட்டையில் மோட்டார் பந்தயப் பாதை இயங்கி வருகிறது. அங்கே ஓடும் இலகு ரக வண்டிகளில் பலவற்றை ஒரே நிறுவனம் முழுவதுமாகச் செய்வதில்லை. சேஸிஸ் என்னும் இரும்புக் குழாய்ச் சட்டத்தை மட்டும் தனியாகச் செய்து, எஞ்சின் போன்ற பாகங்களைச் சாலையில் ஓடும் சாதாரணக் கார்களிலிருந்து எடுத்துக்கொள்வார்கள். கோவையைச் சேர்ந்த கரிவரதன் அவர்கள் மாருதி 800 காரின் எஞ்சினை வைத்து ஃபார்முலா மாருதி என்ற பந்தய வண்டியை உருவாக்கி, நடுத்தர வசதியுள்ள இளைஞரும் பந்தயத்தில் இறங்க வழி செய்தார். 1995-ல் விமான விபத்தில் அவர் மறைந்தார். கோவையில் உள்ள கரி மோட்டார் ஸ்பீட்வே இன்றும் அவர் பெயரைத் தாங்கி நிற்கிறது.

இந்த முறைக்கு உலகப் புகழ் பெற்ற உதாரணம் இங்கிலாந்தின் லோட்டஸ் செவன். காலின் சாப்மன் என்பவர் 1957-ல் கொண்டுவந்த இரண்டு பேர் அமரும் சிறு வண்டி அது. அந்நாளில் இங்கிலாந்தில் முழுக் காராக வாங்கினால் கொள்முதல் வரி உண்டு. பாகங்களாக வாங்கி வீட்டிலேயே பூட்டிக்கொண்டால் அந்த வரி இல்லை. ஆகவே வண்டியைப் பெட்டி பெட்டியாக விற்றார்கள். 1973-ல் கொள்முதல் வரி போய் மதிப்புக் கூட்டு வரி வந்ததும் அந்தச் சலுகையும் போயிற்று. அதே ஆண்டு அந்த வண்டியைச் செய்யும் உரிமை கேட்டர்ஹாம் என்ற விற்பனை நிறுவனத்தின் கைக்கு வந்தது. வரி மாறினால் வியாபாரம் எப்படி மாறும் என்பது நமக்குப் புதிதல்லவே!

இனி நமக்கு வேண்டிய விஷயத்துக்கு வருவோம். 1960-ல் வந்த இரண்டாம் வரிசைச் செவனுக்குப் பின் ஆக்சில் ஸ்டாண்டர்டு நிறுவனத்தின் கம்பானியன் என்ற காரிலிருந்து வந்தது. முன்சக்கர நக்கிள் டிரையம்ப் ஹெரால்டு காருடையது. அந்த ஹெரால்டைத்தான் 1961 முதல் நம் வண்டலூர்ப் பக்கம் ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை 'ஸ்டாண்டர்டு ஹெரால்டு' என்ற பெயரில் செய்து விற்றது. ஜி.எஸ்.டி. சாலையில் ஓடிய குடும்பக் காரும் இங்கிலாந்தின் பந்தயக் காரும் பாக வழியில் உறவினர்கள்!

பிறர் செய்யும் பாகத்தை நம்பி வண்டி செய்பவருக்கு ஒரு சங்கடம் உண்டு. மூலக் காரின் உற்பத்தி நின்றால் பாகமும் நின்றுவிடும். கேட்டர்ஹாம் வண்டிக்கு ஒரு காலத்தில் ஃபோர்டு எஸ்கார்ட்டின் பின் ஆக்சில் போட்டார்கள். 1980-ல் எஸ்கார்ட் முன்சக்கர இயக்கத்துக்கு மாறியது. அந்த ஆக்சில் கிடைக்காமல் போயிற்று. அடுத்து மோரிஸ் ஐட்டல் ஆக்சிலைப் போட்டார்கள். 1984-ல் ஐட்டலும் நின்றது. அதன்பின் பின்பக்க அமைப்பையே மாற்றி வேறு முறைக்குப் போனார்கள். ஆக்சில் மாறும்போது அதைத் தாங்கும் சேஸிஸின் பிடிமான இடமும் மாறியாக வேண்டும். பிறகு 2000-ல் உயரமானவர்கள் உட்காரும்படி அகலமும் நீளமும் கூடிய சேஸிஸ் ஒன்றும் வந்தது. வெளியிலிருந்து பார்ப்பவருக்கு எல்லாம் ஒரே 'செவன்'தான். பாகம் விற்பவருக்கு அப்படியல்ல. எந்த ஆண்டு, எந்த ஆக்சில், எந்த சேஸிஸ் என்று மூன்று கேள்வி கேட்காமல் பெட்டியைப் பிரிக்க முடியாது.

நம் ஊரிலும் இதுவே நடந்தது. 1972-ல் ஸ்டாண்டர்டு நிறுவனம் 'கெஸல்' என்ற காரைக் கொண்டுவந்தது. பார்வைக்கு ஹெரால்டின் தம்பி. ஆனால் ஹெரால்டின் பின் ஆக்சில் அமைப்பு நம் மெக்கானிக்குகளுக்குப் பிடிக்காததால் கெஸலில் அதை மாற்றிவிட்டார்கள். அண்ணனுக்கு வாங்கிய பின்பக்கச் சாமான் தம்பிக்குச் சேரவில்லை.

துவரம்பருப்பு என்ற ஒரே பெயரில் நாலு ஊர்ச் சரக்கு வருகிறது. எது சீக்கிரம் வேகும், எது வேகாது என்பது நமக்குத் தெரியும். பெயரைக் கேட்டா கொள்முதல் செய்கிறோம்? கையில் அள்ளிப் பார்த்தல்லவா செய்கிறோம்! உதிரிப்பாகத்தில் அள்ளிப் பார்ப்பதற்குச் சமமானது சேஸிஸ் எண்ணைப் பார்ப்பது. 17 எழுத்தும் எண்ணும் கொண்ட அதுதான் வண்டியின் ஜாதகம். வண்டியின் பெயரை மட்டும் கேட்டுச் சரக்கு எடுப்பவன் நஷ்டப்படுவான்; சேஸிஸ் எண்ணையும் பாக எண்ணையும் பில்லிலேயே குறித்து விற்பவனிடம் திருப்பிக் கொடுக்க வருபவர்கள் குறைவு.

சரி, மாடல் மாறிவிட்டது, பழைய பாகம் அலமாரியில் தேங்கிவிட்டது, என்ன செய்வது? எடைக்குப் போட்டுவிடுவதுதான் வழக்கம். இங்கேதான் நாம் மாறுபடுகிறோம். ஸ்டாண்டர்டு நிறுவனம் 1985-ல் இங்கிலாந்தின் ரோவர் எஸ்.டி.1 காரை ஒட்டி 'ஸ்டாண்டர்டு 2000' என்ற காரை விட்டது. அது எடுபடாமல் 1988-ல் உற்பத்தி நின்றது. பாகங்கள் கிடங்கிலேயே கிடந்தன. 2006-ல் எல்லாம் விற்பனைக்கு வந்தபோது, பயன்படுத்தப்படாமல் கிடந்த எஸ்.டி.1 பாகங்கள் முழுவதையும் இங்கிலாந்தின் ரிம்மர் பிரதர்ஸ் என்ற உதிரிப்பாக வணிக நிறுவனம் வாங்கிச் சென்றது. நம் கண்ணுக்குப் பழைய இரும்பாகத் தெரிந்தது கடல் கடந்தவன் கண்ணுக்குச் சரக்காகத் தெரிந்தது. அந்தப் பழைய காரை அங்கே இன்னும் ஆசையோடு வைத்திருப்பவர்கள் இருக்கிறார்கள் என்ற செய்தி அவனிடம் இருந்தது, நம்மிடம் இல்லை. வித்தியாசம் அவ்வளவே.

"பதினெட்டு வருஷம் முதலை முடக்கி வைத்தால் வட்டி யார் கட்டுவது? கிடங்கு வாடகை யார் தருவது?" என்று நண்பர்கள் கேட்பார்கள். நியாயமான கேள்வி. காத்திருப்பது மட்டும் வியாபாரமாகாது என்பதை நாமும் ஒப்புக்கொள்கிறோம். பழைய அரிசிக்கு விலை கூடும். பழைய புளி கறுத்து விலை இறங்கும். எது அரிசி, எது புளி என்று பிரிக்கத் தெரிய வேண்டும். ரப்பர் ஹோஸ், ஆயில் சீல், பிரேக் வாஷர் எல்லாம் புளி; நாளாக ஆக இறுகிவிடும், உடனே தள்ளிவிட வேண்டும். கியர், ஆக்சில், நக்கிள், ஹப் போன்றவை அரிசி; கிரீஸ் தடவிக் காகிதம் சுற்றி வைத்தால் கெடாது. அவற்றையும் அளவாகத்தான் வைக்க வேண்டும். ஆனால் தேவைப்படுபவனுக்குத் தகவல் போய்ச் சேராமலே எடைக்குப் போடக் கூடாது.

இது பழங்கதையன்று. 2021 செப்டம்பரில் ஃபோர்டு நிறுவனம் இந்தியாவில் கார் உற்பத்தியை நிறுத்துவதாக அறிவித்தது. 2022-ல் மறைமலைநகரில் கடைசிக் கார் வெளிவந்தது. உற்பத்தி நின்றாலும் விற்ற வண்டிகள் சாலையில் ஓடிக்கொண்டுதான் இருக்கின்றன. மாருதி எஸ்டீம் 2007-ல் நின்றது. அதன் 1300 சி.சி. எஞ்சினை வைத்து அதற்குப் பின்னும் பந்தய வண்டிகள் ஓடின. கார் நிற்கும் நாளும் பாகத்தின் தேவை நிற்கும் நாளும் ஒன்றல்ல.

இளம் வணிகர்களுக்கு ஓர் எச்சரிக்கையும் சொல்ல வேண்டும். பந்தயப் பாதைக்குள் ஓடும் வண்டி வேறு, சாலையில் ஓடும் வண்டி வேறு. பதிவு செய்த வண்டியை, தயாரிப்பாளர் கொடுத்த விவரத்துக்கு மாறாக மாற்றி அமைக்க மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-வது பிரிவு இடம் தருவதில்லை. உச்ச நீதிமன்றமும் 2019 ஜனவரியில் இதை உறுதி செய்தது. புது வடிவில் வண்டி செய்து சாலைக்குக் கொண்டுவர வேண்டுமானால் ஒரகடத்தில் உள்ளது போன்ற அரசுச் சோதனை மையத்தில் தேறியாக வேண்டும். "சேஸிஸை வெட்டி நீட்ட வேண்டும், சாமான் கொடுங்கள்" என்று வருபவருக்குச் சட்டத்தைச் சொல்லி அனுப்புவது நமக்கும் நல்லது, அவருக்கும் நல்லது.

முடிவாக, மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம். ஒன்று: பாகத்தை மாற்றும் தயாரிப்பாளர்கள், எந்த சேஸிஸ் எண்ணிலிருந்து மாற்றம் என்பதை முன்கூட்டியே எழுத்துமூலம் கடைக்காரருக்குத் தெரிவிக்க வேண்டும், விற்காத பழைய பாகத்தைக் குறிப்பிட்ட காலம்வரை திரும்பப் பெற வேண்டும். உறை அதே, உள்ளே எடை குறைவு என்று சோப்பு வந்தால் வாடிக்கையாளர் சண்டை போடுவது கம்பெனியிடமா, நம்மிடமா? இரண்டு: நம் சங்கம் ஒரு பொதுப் பதிவேடு தொடங்கி, உறுப்பினர்களிடம் தேங்கியிருக்கும் பாகங்களைப் பாக எண்ணுடன் குறித்து, ஜி.பி. ரோடு, புதுப்பேட்டை வியாபாரிகளுக்கும் பந்தயக் குழுக்களுக்கும் கிடைக்கச் செய்ய வேண்டும். மூன்று: 2025 செப்டம்பர் 22 முதல் வாகன உதிரிப்பாகங்கள் எல்லாவற்றுக்கும் ஒரே சீராக 18 சதவீத ஜி.எஸ்.டி. என்று ஆகியிருப்பதால், எந்தப் பாகத்துக்கு எந்த விகிதம் என்ற குழப்பம் தீர்ந்தது. உறுப்பினர்கள் இதையே வாய்ப்பாகக் கொண்டு இருப்புக் கணக்கை ஒழுங்கு செய்துகொள்ள வேண்டும்.

பதிவேட்டுக்கு ஒரு நோட்டும் ஒரு குமாஸ்தாவும் போதும். அடுத்த செயற்குழுவிலேயே இதை எடுத்துக்கொள்ளுமாறு நிர்வாகிகளைக் கேட்டுக்கொள்கிறோம்.