‘ரத்தத்திலேயே இருக்கு’ என்று சொல்லிவிட்டு நகர்ந்துவிட முடியுமா? கருணாபுரத்துப் பிள்ளைகள் கேட்கும் கேள்வி

“அப்பன் குடிகாரன், பையன் மட்டும் எப்படி இருப்பான்? எல்லாம் ரத்தத்துல வர்றது.” டீக்கடையிலும் வாட்ஸ்அப் குரூப்பிலும் ரொம்ப சுலபமாக வந்து விழும் தீர்ப்பு இது. ஆனால், அறிவியல் இவ்வளவு சுலபமாகத் தீர்ப்பு எழுதுவதில்லை. கள்ளக்குறிச்சியில் இந்தக் கேள்விக்கு நாம் சொல்லும் பதில், பல பிள்ளைகளின் எதிர்காலத்தைத் தீர்மானிக்கக்கூடியது.

என்ன நடந்தது?

2024 ஜூன் மாதம். கள்ளக்குறிச்சி நகரின் கருணாபுரம் பகுதியில் மெத்தனால் கலந்த சாராயத்தைக் குடித்தவர்களில் 60-க்கும் மேற்பட்டோர் இறந்தார்கள். பெரும்பாலானவர்கள் தினக்கூலிக்குப் போகிறவர்கள். மெத்தனால் உடலுக்குள் போனதும் கல்லீரல் அதை உடைத்து பார்மிக் அமிலமாக்குகிறது. பார்வை நரம்பையும் உயிரையும் பறிப்பது அந்த அமிலம்தான்.

இறந்தவர் குடும்பத்துக்குத் தலா ரூ.10 லட்சம் அறிவித்தது அரசு. பெற்றோர் இருவரையும் இழந்த பிள்ளைகளுக்கு 18 வயது வரை மாதம் ரூ.5,000, அவர்கள் பெயரில் ரூ.5 லட்சம் வைப்புத்தொகை. ஒருவரை இழந்தவர்களுக்கு ரூ.3 லட்சம் வைப்புத்தொகை. படிப்புச் செலவையும் அரசே ஏற்பதாகச் சொன்னது. இவை நல்ல அறிவிப்புகள்தான். ஆனால் பிள்ளையின் மூளை 18 வயதுவரை காத்திருந்து வளர ஆரம்பிப்பதில்லையே!

குடிப்பழக்கம் பரம்பரையாக வருமா?

ஓரளவுக்கு, ஆமாம். இரட்டையர்களையும் தத்துப் பிள்ளைகளையும் வைத்து நடந்த ஆய்வுகள், குடிக்கு அடிமையாகும் அபாயத்தில் ஏறத்தாழ பாதி மரபணு சார்ந்தது என்கின்றன. இதை மறைக்க வேண்டியதில்லை.

ஆனால் ‘பாதி’ என்றால், குடிப்பவரின் பிள்ளைகளில் இரண்டில் ஒருவர் குடிகாரர் ஆவார் என்று அர்த்தம் இல்லை. மக்களிடையே தெரியும் வித்தியாசத்தில் மரபணுவின் பங்கு எவ்வளவு என்பதற்கான கணக்கு அது. ‘சாராய மரபணு’ என்று ஒற்றை மரபணுவும் கிடையாது. சிறுசிறு விளைவுள்ள பல மரபணுக்கள் சேர்ந்து ஒரு சாய்வை மட்டும் தருகின்றன. அந்தச் சாய்வில் பிள்ளை வழுக்குமா, நிற்குமா என்பதில் வீடு, தெரு, பள்ளிக்கூடம் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

சூழல் எப்படி உடம்புக்குள் நுழைகிறது?

பயம் வந்தால் உடம்பில் கார்டிசால் என்ற ஹார்மோன் ஏறும். ஆபத்து போனதும் இறங்கிவிடும். இது இயல்பு. ஆனால் வீட்டில் தினமும் சண்டை, பசி, அடி, திடீர் மரணம், அணைத்துக்கொள்ள ஆளும் இல்லை என்றால், இந்த ஏற்ற இறக்கமே தாறுமாறாகிவிடும். நினைவாற்றல், கவனம், கோபத்தைக் கட்டுப்படுத்துவது ஆகியவற்றைக் கவனிக்கும் மூளைப் பகுதிகள் அதில் பாதிக்கப்படலாம். வகுப்பில் ‘மக்கு’, ‘முரடன்’ என்று பெயர் வாங்கும் பிள்ளை, உண்மையில் பயந்துபோன பிள்ளையாக இருக்கலாம்.

அமெரிக்காவில் 1998-ல் வெளியான பெரிய ஆய்வு ஒன்று, சிறுவயதில் இப்படிப்பட்ட நான்கு அல்லது அதற்கு மேற்பட்ட துயரங்களைச் சந்தித்தவர்களுக்குப் பின்னாளில் குடி, மனச்சோர்வு, தற்கொலை முயற்சி ஆகியவற்றுக்கான அபாயம் பல மடங்கு அதிகம் என்று காட்டியது. இதுவும் சாத்தியக்கூறுதான், தலைவிதி அல்ல.

சூழலை மாற்றினால் பிள்ளை மாறுமா?

இதற்கு ஒரு அருமையான உதாரணம் உண்டு. அமெரிக்காவின் வட கரோலினா மலைப்பகுதியில் 1,420 பிள்ளைகளின் மனநலத்தை ஆய்வாளர்கள் ஆண்டுக்கணக்கில் கவனித்துவந்தார்கள். அவர்களில் கால்வாசிப் பேர் செரோக்கி பழங்குடியினர். நடுவில் பழங்குடியினரின் நிலத்தில் ஒரு சூதாட்ட விடுதி திறக்கப்பட்டது. அதன் லாபத்தில் ஒரு பங்கு, பழங்குடி மக்கள் எல்லோருக்கும் போய்ச் சேர்ந்தது.

வறுமையிலிருந்து மீண்ட குடும்பங்களின் பிள்ளைகளிடம் முரட்டுத்தனமும் நடத்தைக் கோளாறும் குறைந்து, எப்போதுமே ஏழையாக இல்லாத பிள்ளைகளின் அளவுக்கு வந்தன. காரணம் என்ன? பெற்றோருக்குப் பிள்ளைகளைக் கவனிக்க நேரம் கிடைத்தது. பணம் வந்தபோது சின்ன வயதில் இருந்தவர்களிடம், வளர்ந்த பிறகு குடி, கஞ்சா பிரச்சினையும் குறைவாக இருந்தது. மனச்சோர்விலும் பதற்றத்திலும் அதே அளவு மாற்றம் தெரியவில்லை. ஆக, பணம் மட்டும் போதாது, மனநல உதவியும் வேண்டும். அந்தப் பிள்ளைகளின் மரபணு அப்படியேதான் இருந்தது. மாறியது, வீடு.

கல்வராயன் மலைக்கும் இதற்கும் என்ன தொடர்பு?

காய்ச்சும் சாராயத்துக்காகவே செய்திகளில் அடிபடும் மலை இது. ஆனால் 1976 வரை ஜாகிர்தார்கள் கையில் இருந்த மலை என்பது எத்தனை பேருக்குத் தெரியும்? கருணாபுரம் சம்பவத்துக்குப் பிறகு, இங்கு வாழும் மலையாளி பழங்குடியினருக்குச் சாலை, மருத்துவம், கல்வி போன்ற அடிப்படை வசதிகள் ஏன் போய்ச் சேரவில்லை என்று சென்னை உயர் நீதிமன்றம் தாமாக முன்வந்து வழக்கு எடுத்தது. வேலை தேடிப் பெற்றோர் வெளியூர் போய்விட, பாட்டியிடம் வளரும் பிள்ளையைப் பார்த்து “மலைக்காரப் பசங்க அப்படித்தான்” என்பது, பழியை ரத்தத்தின் மேல் போட்டுவிட்டு நம் பொறுப்பிலிருந்து நழுவும் வேலை.

என்ன செய்ய வேண்டும்?

முதலாவது, பெற்றோரில் ஒருவரை இழந்த பிள்ளைகளின் வீடுகளுக்கும் மாத வருமானம் வேண்டும். மொத்தமாக வரும் தொகை கடனுக்கே போய்விடலாம். மாதாமாதம் வரும் பணம்தான், கூலிக்கு ஓடும் அம்மாவுக்குப் பிள்ளையோடு இருக்கக் கொஞ்சம் நேரம் வாங்கித் தரும்.

இரண்டாவது, மாவட்ட மனநலத் திட்டக் குழு கருணாபுரத்துக்கும் மலைக் கிராமங்களுக்கும் குறித்த நாளில் தவறாமல் போக வேண்டும். பள்ளி ஆசிரியர்களுக்கும் அங்கன்வாடிப் பணியாளர்களுக்கும், துயரத்தில் இருக்கும் பிள்ளையை அடையாளம் காணப் பயிற்சி வேண்டும்.

மூன்றாவது, குடியை விட நினைப்பவருக்குச் சிகிச்சை வீட்டுப் பக்கத்திலேயே கிடைக்க வேண்டும். ஒரு அப்பா குணமானால் அவருடைய பிள்ளைகளின் சூழலே மாறுகிறது.

யாருக்கு எந்த மரபணு என்பதை அரசால் மாற்ற முடியாது. மீதிப் பாதியை மாற்ற முடியும். அதைச் செய்யாமல் இன்னும் பத்து வருடம் கழித்து, “பாத்தியா, அப்பன மாதிரியே ஆயிட்டான்” என்று சொல்ல நமக்கு எந்த உரிமையும் இல்லை.

(மனநல ஆலோசனைக்கு டெலி மானஸ்: 14416. குழந்தைகளுக்கான உதவி எண்: 1098)